கற்பூர வளையல்

ஐந்தாம் வகுப்பில் பாதி. அவ்வளவுதான் என் படிப்பு. அதை வைத்துக்கொண்டு நான் என்னென்ன செய்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றது பிறகு.

கீரமங்கலத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கிற மாடிக்கடை நான் கட்டியது. ஆலங்குடியில் ஒரு கடை, புதுக்கோட்டையில் இரண்டு. கந்தர்வக்கோட்டை ரோட்டில் முந்திரிக்காட்டைத் திருத்திப் போட்ட ஷெட், அதில் ஓடிய முதல் கைமிஷின். கரண்டு இருக்கிற நேரம் பார்த்துப் பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, இரும்புக் கைப்பிடியில் ஆளோடு ஆளாகத் தொங்கி, சோப்பு டப்பாவும் மூடியும் அழுத்தி எடுத்தோம். அச்சு வெட்டித் தருகிற ஆள் திருச்சியில்கூடச் சுலபத்தில் கிடைக்காத காலம். நானே அரத்தை எடுத்து ராவி ராவி அச்சுச் செய்தேன். "பித்தளைக் கொடமும் மண்பானையும் இருக்கிற ஊர்ல இந்தத் தக்கையை எவன் வாங்குவான்" என்று சிரித்தவர்கள் வீட்டில் இன்றைக்குக் குளிக்கிற வாளி, குடிக்கிற குடம், பேரன் உட்கார்கிற நாற்காலி எல்லாம் என் கடையில் வாங்கியது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அதில் என்ன வெட்கம்?

என்னோடு ஊருணியில் குதித்து வளர்ந்தவர்களில் நாலைந்து பேர் இன்னும் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

பிளாஸ்டிக் என்றால் ஏதோ ஒரே சாமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது பெரிய குடும்பம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் வந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை உண்டு. கம்பெனி ஆள் காகிதத்தைப் பார்த்து இது இன்னது என்பான். நான் ஒரு துண்டைக் கிள்ளித் தீக்குச்சியில் காட்டி மோந்து பார்த்துச் சொல்வேன். கறுப்பு சுவிட்சும் பழைய ரேடியோப் பெட்டியும் செய்த பேக்லைட் லேசில் எரியாது. கருகும், ஆஸ்பத்திரித் தரை கழுவுகிற மருந்து நெடி வரும். அந்தக் காலத்துச் சட்டைப் பித்தானில் ஒரு வகை, எரித்தால் அடிப்பிடித்த பால் வாசனை. பாலிலிருந்தே அதைச் செய்தார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பாலித்தீன், அணைத்த மெழுகுவத்தி. மழைக்கோட்டு தைக்கிற பி.வி.சி. மூக்கைக் குத்திக் கண்ணில் நீர் வரவைக்கும். நைலான் சொட்டும், சொட்டினது தோலில் பட்டால் தோலோடுதான் வரும்.

இவை எல்லாவற்றுக்கும் மூத்தது ஒன்று உண்டு. அது எரிகிறபோது கோயில் மணக்கும். என் மூக்கு முதலில் படித்தது அதைத்தான்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய், அதன் அம்மன் காசு செல்லாமல் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ. அந்த வருஷம் மாசியிலேயே வெயில் ஏறிவிட்டது. ஊருணி வற்றி, நடுவில் இரண்டு எருமை படுக்கிற அளவுக்குச் சேறு மட்டும் கிடந்தது. கூரைக் கீற்றெல்லாம் காய்ந்து, காற்றடித்தால் சடசடக்கும். வீட்டை விட்டுக் கிளம்பும் பெண்பிள்ளையைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி கேட்கிற முதல் கேள்வி, "அடுப்பை நல்லா அணைச்சியாடி?"

எங்கள் அப்பா பினாங்குக்குப் போனவர். கடுதாசி நின்று இரண்டு வருஷம். வீட்டில் ஆத்தாவும் நானும். பெற்றவளை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம், உங்களுக்குத் தெரியும். அக்காவை அடுத்த தெருவிலேயே கட்டிக்கொடுத்திருந்தது. ஆம்பிளை இல்லாத வீட்டில் நானே ஆம்பிளை என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்புத்தான் பின்னால் நாலு கடை கட்டியது. மற்றதையும் அதுதான் செய்தது.

அக்காவுக்கு முதல் தடவை வளைகாப்பு நடந்தபோது, அவள் மாமியார் தன் கையால் போட்ட கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து மணிக்கட்டில் கீறிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம், பந்தலில் எல்லாரும் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் பிள்ளை செத்துப் பிறந்தது. அந்த மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அதற்குப் பிறகு அத்தை சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. தன் கைதான் உடைத்தது என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தாள். வெளியே யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் கடித்துக் குதறிவிடுவாள்.

இப்போது அக்கா இரண்டாம் தடவை உண்டாகி ஆறு மாதம் முடிந்திருந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு. இந்தப் பிள்ளை தங்குமா தங்காதா என்பதுதான் இரண்டு வீட்டிலும் பேச்சு. பேசாமல் இருந்தாலும் அதுதான் பேச்சு.

வளையல்காரரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாரம் ஒருமுறை திருச்சிப் பக்கமிருந்து பஸ்ஸில் கீரமங்கலம் வந்து இறங்கி, சுற்றுப்பட்டு ஊரெல்லாம் நடந்தே சுற்றுவார். கயிற்றில் கோத்த வளையல் மலாரம் ஒரு தோளில், தகரப்பெட்டி தலையில். நெட்டையான ஆள், முன்பல் ஒன்று கிடையாது. பெண்பிள்ளைகள் கையைப் பிடித்து மாவு பிசைகிற மாதிரி பிசைந்து பிசைந்து, வலிக்கிறது என்று சொல்வதற்குள் வளையலை ஏற்றிவிடுவார்.

"அண்ணே, கையை முறிச்சிராதீங்க, சோறாக்கணும்."

"நீ ஆக்குற சோத்துக்கு நான் முறிச்சுவிட்டா ஓம் புருசன் எனக்குக் கோயில் கட்டுவான் தாயீ."

என்னை மாப்ளே என்பார். நான் மாமா என்பேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே சுற்றுவேன். எல்லாம் அந்தப் பெட்டியைத் திறக்கிறபோது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக.

அந்த மாசியில் பெட்டியில் புதிதாக ஒரு சாமான் இருந்தது. பால் நிறம், ரோஜா நிறம், வெற்றிலைப் பச்சை. ரப்பர் வளையல் என்றார். ரப்பர் இல்லை. செல்லுலாயிடு என்று அதன் பேரைப் பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். வளையத்தில் ஓரிடத்தில் வெட்டு இருக்கும், விரித்துக் கையில் மாட்ட வேண்டும். கீழே போட்டால் உடையாது. ஆனால் சத்தம் கிடையாது. ஒன்றோடு ஒன்றை இடித்தால் டொக்கு டொக்கென்று கட்டை மாதிரி இருக்கும்.

"செத்த வளையலால்ல இருக்கு" என்று ஒருத்தி தூக்கிப் போட்டாள். "வேணாம்ணே, எடுத்து உள்ள வைங்க."

ஒன்றுகூட விற்கவில்லை. பங்குனி வெயிலில் தகரப்பெட்டிக்குள் கிடந்து கிடந்து பாதி கோணிப்போனது. பெட்டியைத் திறந்தால் குப்பென்று கற்பூரம் மணக்கும்.

"என்ன மாமா, கோயில் வாசனை வருது?"

"கற்பூரம் போட்டுத்தான் செய்றானாம் மாப்ளே. ஆனா சாமிக்குச் செஞ்சதில்ல, பாத்துக்க." கோணலான ஒரு வளையலை எடுத்துக் கத்தியால் நகக்கண் அளவு சீவினார். சீவலைக் கல்லில் வைத்து, பீடி பற்றவைத்த குச்சியைக் கிட்டே கொண்டுபோனார். தொடவில்லை, கிட்டேதான் கொண்டுபோனார். புஸ் என்று ஒரு மஞ்சள் நாக்கு எழும்பி நின்றது, இல்லாமல் போனது. கல்லில் சாம்பல்கூட இல்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னொரு தடவ மாமா!"

அவர் சிரிக்கவில்லை. "போன வாரம் திருச்சியில ஒரு பொண்ணு கொண்டையில இதே சாமான்ல செஞ்ச சீப்பு. சிம்னி வெளக்குகிட்ட குனிஞ்சிருக்கா அந்தப் பொண்ணு. தலையோட புடிச்சுக்கிச்சு. இதை இனிமே நான் விக்கிறதா இல்ல. நல்லதைத் திருப்பிக் குடுத்துருவேன், கோணலை அவன் வாங்க மாட்டான்." ஒரு டஜன் கோணல் வளையலை என் துண்டில் கொட்டினார். "எடுத்துக்க, வெளையாடு. அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோவாத. பொம்பளைங்க கையில போடாத. வெளக்குகிட்டப் போனாப் புடிச்சுக்கும். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமா."

கேட்டது. நன்றாகவே கேட்டது. பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

அந்த ஒரு டஜனை எங்கே ஒளித்துவைத்தேன் தெரியுமா? எங்கள் அடுப்பங்கரைக் கூரையில், கீற்றுக்கும் மூங்கிலுக்கும் நடுவில். கீழே ஆத்தா தினம் இரண்டு வேளை விறகு எரித்தாள். பொறி பறக்கும். எட்டு நாள் அங்கே இருந்தது. இப்போது என் கிடங்கில் தீயணைக்கிற சாமானை நானே மாதம் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறேன். கணக்குப்பிள்ளை சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

சுடுதண்ணி வித்தை நானாகக் கண்டுபிடித்தது. எவரும் சொல்லித் தரவில்லை. கூரையில் கைவிட்டு எடுக்கிறபோது ஒரு வளையல் தவறிக் கீழே கொதித்துக்கொண்டிருந்த உலைத்தண்ணீரில் விழுந்துவிட்டது. ஆத்தா வருவதற்குள் அகப்பையால் எடுத்தேன். கையில் வாங்கினால், வெந்த கத்தரிக்காய் மாதிரி துவள்கிறது! இழுத்தால் வருகிறது, வளைத்தால் வளைகிறது. பயந்துபோய்ப் பச்சைத்தண்ணீரில் போட்டேன். எந்த வளைவில் இருந்ததோ அந்த வளைவிலேயே இறுகிவிட்டது. கோணல் போய்விட்டது. இந்தத் தாலுகாவில் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி உருவம் கொடுத்த முதல் கை என் கைதான். எந்தப் பட்டணத்துக்காரன் வந்தாலும் இதை மறுக்க முடியாது.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பன்னிரண்டும் சீராகிவிட்டது. சோற்றில் கற்பூரம் மணக்கிறது என்று ஆத்தா இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டாள்.

மறுநாள் வளையலைத் துண்டில் முடிந்துகொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ஆத்தாவும் அங்கேதான் இருந்தாள். வளைகாப்புக்கு எத்தனை வகைச் சோறு கிளறுவது என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம்.

"அத்தே, இது ஒடையாத வளையல்."

"போடா அங்கிட்டு."

"ஒடைச்சுப் பாருங்க."

அத்தை ஒன்றை வாங்கினாள். ஒரு பார்வை பார்த்தாள். எழுந்துபோய் அம்மிக்கல்லில் ஓங்கி அடித்தாள். தெறித்து விழுந்தது, உடையவில்லை. குதிகாலால் மிதித்தாள். உடையவில்லை. எடுத்துத் துடைக்கச் சேலையில் தேய்த்தவள், அப்படியே மூக்குக்கிட்டே கொண்டுபோனாள்.

"கற்பூரமால்ல மணக்குது!" அவள் முகம் மாறியது. நான் அதுவரை அத்தை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் பார்த்ததில்லை. "அம்மனே வந்து நிக்கிற மாதிரி மணக்குதே. யார்றா குடுத்தா?"

நானாகக் கொண்டுவந்தேன் என்றால் பொடிப்பயல் சாமான் என்று வீசிவிடுவாள். "வளையல்காரரு குடுத்தாரு. அக்கா வளைகாப்புக்குன்னே குடுத்தாரு" என்றேன்.

வாயில் தானாக வந்தது. வந்த பிறகு உண்மை மாதிரியே இருந்தது.

ஆத்தாவுக்குப் பிடிக்கவில்லை. "கண்ணாடி வளையல் இல்லாம என்னங்க வளைகாப்பு? வயித்துப் புள்ளைக்குச் சத்தம் கேக்க வேணாமா?"

"போன தடவ கண்ணாடிதான் போட்டோம். நல்லாக் கேட்டுச்சு" என்றாள் அத்தை.

ஆத்தா முறத்தை எடுத்து மிச்ச உளுந்தைப் புடைக்க ஆரம்பித்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். தீ எனக்கு மறந்துபோய்விடவில்லை. கல்லில் எழும்பின அந்த மஞ்சள் நாக்கு தினமும் ஞாபகம் வந்தது. ஆனால் நான் ஒரு கணக்குப் போட்டேன். அம்மன் கோயிலில் வேண்டுதல்காரர்கள் உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்து ஏற்றிக்கொண்டு சுற்றி வருவதை நாம் எல்லாரும் பார்த்து வளர்ந்தவர்கள். கை வெந்துபோனதாக ஒருவரையும் பார்த்ததில்லை. கற்பூரத் தீ சுடாது, அது சாமித் தீ. திருச்சிப் பெண் என்ன குற்றம் பண்ணினாளோ. பதினொரு வயதில் இதைவிடப் பெரிய கணக்கு என்ன போட முடியும்? அன்றைக்கு அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

வளைகாப்பு அன்று காலையில் அடுப்பங்கரைக்குப் பின்னால் அக்காவை மணையில் உட்காரவைத்தார்கள். கை கால் எல்லாம் வீங்கியிருந்தது. கண்ணாடி வளையல் என்றால் அந்தக் கையில் ஏற்றவே முடியாது. நான் கொதிதண்ணீர்ச் சட்டியும் பச்சைத்தண்ணீர்ச் சட்டியும் வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் மாதிரி உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகத் துவளவைத்து, மணிக்கட்டில் சுற்றி, வெட்டின இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காருகிற மாதிரி அழுத்திப் பிடித்து, பச்சைத்தண்ணீர் ஊற்றினேன்.

"சுடுதுடா."

"செத்த நேரம் பொறு. ஆறிடும்."

"இறுக்கமா இருக்கே. கழலாதா இனிமே?"

"புள்ள பொறக்குற வரைக்கும் கழலாது. கழலக் கூடாதுன்னுதான் அத்த சொல்லிருக்கு."

"பொறந்தப்புறம்?"

"நான் வந்து சுடுதண்ணி ஊத்தி எடுத்துருவேன்."

அக்கா சிரித்தாள். "அப்ப ஒன்ன விட்டா எனக்கு ஆளே இல்லன்னு சொல்லு."

"ஆமா" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வலது கையில் ஐந்து, இடது கையில் ஏழு. இழுத்துப் பார்த்தேன். ஒரு மயிர்க்கால் நகரவில்லை. என் வேலை அன்றைக்கும் சுத்தம்.

முற்பகலில் பந்தல் நிறைந்துவிட்டது. வந்த பெண்கள் அக்காவின் கன்னத்தில் சந்தனம் தடவிவிட்டு வளையலைத் தொட்டுப் பார்த்தார்கள். சத்தமில்லாத வளையல் என்று சிலர் முகத்தைச் சுளித்தார்கள். மோந்து பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "யாரு குடுத்தா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அத்தை பெருமையாகச் சொன்னாள்: "வளையல்காரரு, எம் மருமகளுக்குன்னே குடுத்தது." என் பெயரைச் சொல்லவில்லையே என்று எனக்கு ஒரே கோபம்.

அத்தை விளக்குக்குக் கற்பூரம் காட்டினாள். அந்தத் தட்டை அப்படியே பந்தலுக்குள் கொண்டுவந்தாள், வயிற்றுப் பிள்ளைக்காரி முதலில் ஒற்றிக்கொள்ளட்டும் என்று நேரே அக்காவிடம். கற்பூரத் தட்டு முன்னால் வந்தால் நாம் என்ன செய்வோம்? யோசிப்போமா? இரண்டு கையையும் நீட்டித் தீக்கு மேலே காட்டிக் கண்ணில் ஒற்றுவோம். அக்காவும் இரண்டு கையையும் நீட்டினாள்.

இடது கை முதலில் பிடித்தது. சீறுகிற சத்தம், பாம்பு மாதிரி. ஏழும் ஒரே தீயாகி முழங்கைவரை ஏறியது. அக்கா முதலில் கத்தவில்லை. கையை ஆச்சரியமாகப் பார்த்தாள். கற்பூர வாசனை பந்தல் முழுக்க அடைத்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் தீபாராதனை பெரிதாக ஏற்றியிருக்கிறார்கள் என்று எண்ணி எழுந்து நின்று கும்பிட்டார்கள். அதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அவள் கத்தினாள்.

நான் பாய்ந்து வலது கை வளையலைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அதுவும் ஓரத்தில் பிடித்துவிட்டது. அக்காவின் புருஷன், எங்கள் மச்சான், மாட்டுத் தொட்டியிலிருந்து கழுநீரைக் குடத்தோடு கொண்டுவந்து கொட்டினார். கண் மூடித் திறக்கிற நேரம்தான் எல்லாம். கொட்டி முடித்தபோது எரிவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பன்னிரண்டு வளையலில் ஒரு துண்டுகூட இல்லை, சாம்பலும் இல்லை. அவள் மணிக்கட்டுதான் இருந்தது.

வண்டி கட்டிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்குப் பயமில்லை, வயிற்றில் துடிப்பு இருக்கிறது, மேற்கொண்டு சொல்ல முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் வழக்கம்போல வளையல்காரர் வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஊருணிக் கரையில் ஏறுகிறபோதே "வளையலோ…" என்று குரல் கொடுத்தார். மச்சானும் இன்னும் ஏழெட்டுப் பேரும் போனார்கள். போனவர்களில் இரண்டு பேருடைய தம்பிமார் இதை இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் பின்னால் ஓடினேன்.

"என்னய்யா மருந்து வச்சுக் குடுத்த? புள்ளத்தாச்சிக்கு எதுக்குய்யா அதைக் குடுத்த?"

அவர் முழித்தார். நடந்ததைச் சொன்னார்கள். பெட்டியைத் தலையிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். "அய்யய்யோ… நான் வெளையாடத்தான குடுத்தேன். தீக்கு ஆவாது, பொம்பளைங்க கையில போடாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே." கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார். "மாப்ளே, இங்கிட்டு வா. நீயே சொல்லு, சொன்னேனா இல்லியா?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் என் தோளில் கை வைத்தார். "பயப்படாமச் சொல்லுடா."

"அவரு ஒண்ணும் சொல்லல" என்றேன். "வளைகாப்புக்குன்னுதான் குடுத்தாரு."

வளையல்காரர் என்னைத் திட்டவில்லை. அடித்தார்கள், நின்று வாங்கிக்கொண்டார். மலாரத்தைப் பிடுங்கிக் கரைக்கல்லில் அடித்தார்கள். அத்தனையும் கண்ணாடி. பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்ததையும் மிதித்தார்கள். மதிய வெயிலில் அந்த இடம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக மின்னியது. அவர் செருப்பு எங்கேயோ போய்விட்டது. வெறுங்காலோடு அந்தக் கண்ணாடிமேலேயே நடந்து ரோட்டுப் பக்கம் போனார். பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

ஆனியில் அக்காவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது, உயிரோடு. நீங்களும் அவனோடு பழகியிருக்கிறீர்கள். பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு அத்தை என்ன சொன்னாள் தெரியுமா?

"எரிஞ்சுதான போச்சு, ஒடையலையே. அதான் தங்கிருச்சு."

அந்த ஒரு சொல்லோடு அவள் பாரம் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து வயிறாரச் சாப்பிட்டாள். வளையல்காரரை அடித்தது அடித்ததுதான், வளையல் காப்பாற்றியது காப்பாற்றியதுதான். இரண்டும் எப்படிச் சேரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்காவின் இடது கை விரல்கள் உள்பக்கமாக மடங்கி ஒட்டிப்போயின. வலது கையில் இடுக்கித்தான் அந்தப் பிள்ளையை வளர்த்தாள். என்னிடம் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பதே எனக்குத் தெரியாது. கேட்காமலேயே போய்ச் சேர்ந்தாள்.

பின்னால் நான் சைக்கிளில் சீப்பும் பித்தானும் வைத்து விற்க ஆரம்பித்தபோது, மொத்தச் சாமான் போடுகிற கம்பெனி ஆள் ஒருவன் எல்லாம் விளக்கிச் சொன்னான். யானைத் தந்தத்துக்கு மாற்றுத் தேடித்தான் வெள்ளைக்காரர்கள் இந்தச் சாமானில் இறங்கினார்களாம், மேஜையில் கோலால் தட்டி ஆடுகிற பந்து செய்வதற்கு. பஞ்சைத் திராவகத்தில் ஊறவைத்து, கற்பூரத்தைச் சேர்த்துப் பிசைந்தால் செல்லுலாயிடு. கற்பூரத்தைச் சேர்க்காமல், திராவகத்தைக் கொஞ்சம் கூட்டி ஊறவைத்த பஞ்சு இருக்கிறதே, அது பீரங்கியில் போடுகிற வெடிமருந்து. "நல்லவேளை அண்ணாச்சி, அந்தச் சனியன் போச்சு. இனி எல்லாம் பாலித்தீன், நைலான்" என்றான். அவன் சொல்லிக்கொண்டே போனான். எனக்கு அதற்குமேல் ஒன்றும் காதில் விழவில்லை.

அந்த வாரமே திருச்சிக்குப் போனேன். வளையல் கடைகள் இருக்கிற தெருவில் நெட்டையான ஆள், முன்பல் இல்லாதவர் என்று கடைகடையாகக் கேட்டேன். ஒருவர் மட்டும் சொன்னார், அந்த ஆள் வளையலை விட்டு வெகுகாலம் ஆகிறது, மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார், காலில் புண் ஆறவே இல்லை, பிறகு காணவில்லை என்று. எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இந்த உலகத்தில் அச்சில் வார்க்க முடிந்த எல்லாவற்றையும் வார்த்துவிட்டேன். வளையல் மட்டும் வார்த்ததில்லை. காரணம் கேட்டவர்களிடம் அதில் லாபம் இல்லை என்று சொல்லி முடித்துவிடுவேன்.

போன தை மாதம் நம் தெருவில் ஒரு வளைகாப்பு. நீங்களும் பந்தியில் என்னோடு உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு சின்னப் பெண் கையில் பிளாஸ்டிக் வளையல் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய மனுஷி ஆரம்பித்தாள்.

"அதைக் கழட்டிட்டு வாடி. இந்த ஊருக்கு அது ஆவாது. முன்னால ஒரு வளையல்காரன் வந்தான். பாவி, ஒரு புள்ளத்தாச்சி வயித்தப் பாத்துப் பொறாமப்பட்டு, மருந்து தடவுன வளையலைக் குடுத்துட்டுப் போனான்."

நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். ஒருவர் "ஆமாமா, நாங்கதான் அவனை ஒதைச்சு அனுப்பினோம்" என்றீர்கள். நான் இலையில் இருந்த புளிச்சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அறுபது வருஷத்துக்கு மேலாக அந்த மனிதரை நாம் வளைகாப்புக்கு வளைகாப்பு இழுத்துவைத்து உதைத்துக்கொண்டிருக்கிறோம்.

எனவே எழுதிவிட்டேன். இந்த ஊரில் முதல் பிளாஸ்டிக்கை ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்தது வளையல்காரர் இல்லை. அவர் அதை இனி விற்கக்கூடாது என்று நிறுத்தியவர். கொண்டுவந்தவன் நான். சுடுதண்ணீரில் போட்டு வளைத்தவன் நான். கழலாதபடி இறுக்கினவன் நான். தீக்கு ஆகாது என்று அவர் சொன்னதைக் கேட்டவன் நான், சொல்லவில்லை என்று கரையில் நின்று சாதித்தவனும் நான். எந்த வேலையிலும் என் பங்கை அடுத்தவன் பெயரில் எழுத நான் விட்டதில்லை. இதையும் விட மாட்டேன். இனி எந்தப் பந்தலில் அந்தக் கதையை எடுத்தாலும் அவரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் என்னைப் போடுங்கள். பாவி என்ற சொல்லோடு சேர்த்தே போடுங்கள். என் பெயர் உங்களுக்குத் தெரியும்.